செல்லோவும் குப்பை லாரியும்

சாயங்காலம் குப்பை லாரி வருவதற்கு முன்பே, தைவானில் தோங்ஷி ஊரின் அந்தச் சந்து கூடிவிடும். குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது என்பது சட்டம். லாரி பாட்டுப் பாடிக்கொண்டு வரும்வரை அவரவர் பையை அவரவரே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் பையில் பீர் டின் கலகலக்கிறது என்று எல்லாம் அங்கேதான் அலசப்படும்.

அன்றைக்கு யுவே-தாவின் முகம் சரியில்லை. ஒரு கையில் மீன்குடல் சொட்டும் பை, இன்னொரு கையில் ஒரு கட்டுக் காகிதம். பாக்குக்கடை ஆ-சாய் மூக்கைச் சுருக்கினாள். இந்தச் சந்தில் அவள் மூக்குக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

"என்னக்கா, நாத்தம் பையில இருந்தா, பேப்பர்ல இருந்தா?"

"பேப்பர்ல இருந்துதான்டி. மீன்குடல் எவ்வளவோ தேவலை."

அந்தக் காகிதம், மூன்றாம் மாடிக்குக் குடிவந்திருக்கும் எழுத்தாளர் ருவோ-லினின் நாவல். பெரிய பூகம்பத்தில் யுவே-தாவும் தம்பி மிங்-தேயும் வீட்டுக்கு அடியில் புதைந்தார்கள், அக்கா மட்டும் வெளியே வந்தாள் என்ற சங்கதியை அந்தப் பெண்ணின் காதில் போட்டதே ஆ-சாய்தான். மறுவாரமே ருவோ-லின் அன்னாசிக் கேக் டப்பாவோடு வந்து யுவே-தாவின் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். யுவே-தாவும் பாதியைச் சொன்னாள், மீதியை விழுங்கிக்கொண்டாள். "நீங்க வேணாம்னு சொன்னா அச்சுக்குப் போகாதுக்கா" என்று ருவோ-லின் வாக்குக் கொடுத்திருந்தாள். தைப்பே பதிப்பகம் அவசரப்படுத்துகிறது. யுவே-தாவின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

அந்த நாவலை மத்தியானம்தான் யுவே-தாவ் படித்து முடித்திருந்தாள். நாவலில் இடிபாட்டுக்குள் ஒரு நாற்றமும் இல்லை. கதாநாயகியின் நகக்கண்ணில் அழுக்கில்லை. எப்போதோ கேட்ட செல்லோ, அதுதான் காலிடுக்கில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின், அவள் காதுக்குள் ஒலிக்கிறதாம். பிறகு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒருவன் அதையே வாசிக்க, அவளுக்கு ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்து, மனசு ஆறிவிடுகிறதாம். செத்த எலிக்கு சென்ட் அடித்த மாதிரி இருந்தது.

ருவோ-லின் இறங்கி வந்தாள். மூக்கில் மாஸ்க், விரல் நுனியில் ஒரு பை.

"அடேயப்பா, எழுத்தாளரம்மாவுக்குக் கீழ வர வழி தெரிஞ்சிடுச்சு!" என்றாள் ஆ-சாய்.

"அக்கா, படிச்சீங்களா?"

"படிச்சேன். யாரும்மா அந்த செல்லோக்காரன்? எங்க ஊர்ல நான் பார்த்ததே இல்லையே."

"அது... சங்கீதம் இருந்தா கதைக்கு ஒரு ஆழம் வரும்னு..."

"ஆழமா? நான் இருந்தேன் ஆழத்துல. என்ன கேட்டுச்சுன்னு என்னையில்ல கேட்டிருக்கணும்?"

பைகள் அசையவில்லை. ஆ-சாய்கூடப் பாக்கு மெல்லுவதை நிறுத்தினாள்.

"குப்பை லாரிப் பாட்டு கேட்டுச்சு. ஜனங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட யாரோ ஒரு டிரைவர் இதே பாட்டைப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தினான். உள்ள மூத்திரம், வாந்தி, உடைஞ்ச ஊறுகாய் ஜாடி. தம்பி கால் மேல பீரோ. அவன் சொல்றான், 'அக்கா, இன்னிக்குக் குப்பை போடறது உன் முறை'ன்னு. நான் சிரிச்சேன். அந்த நாத்தத்துல சிரிச்சேன்."

ருவோ-லின் மாஸ்க்கை இறக்கினாள்.

"லாரி போயிடுச்சு. 'தூங்கிடுவேன், நீ பாடுக்கா'ன்னான். எனக்கு ஏது பாட்டு? அதையே முனகினேன். ஒரு எடத்துல எனக்கு எப்பவும் சுரம் தப்பும். 'ஏறாதக்கா, அங்க இறங்கணும்'னு திருத்துவான். மறுபடி முனகுவேன், மறுபடி திருத்துவான். அப்புறம் ஒரு தடவை நான் தப்பா பாடினேன். அவன் திருத்தல."

அதற்குப் பிறகு யுவே-தாவ் எதையுமே முனகியதில்லை. லாரிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் குமட்டும். ஆனாலும் பையோடு இறங்கி வராமல் இருந்ததில்லை. இதை ஏன் இந்தப் பெண்ணிடம், அதுவும் ஆ-சாயை வைத்துக்கொண்டு சொன்னோம் என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"எந்த எடம்க்கா?" என்றாள் ருவோ-லின் மெதுவாக.

யுவே-தாவ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு முனகினாள். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. அந்த இடம் வந்ததும் வழக்கம்போல மேலே ஏறிவிட்டாள்.

"இறங்கணும்க்கா..."

சொல்லிவிட்டு ருவோ-லின் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதில் செல்லோ கற்றுக்கொண்ட காது, அதுவாகச் சொல்லிவிட்டது. போச்சு, அறை விழப்போகிறது என்று ஆ-சாய் ஆவலோடு கழுத்தை நீட்டினாள்.

அறை விழவில்லை. யுவே-தாவ் மறுபடி முதலிலிருந்து முனகினாள். அதே இடத்தில், இந்தத் தடவை வேண்டுமென்றே, ஏறினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள்.

"அங்க... இறங்கணும்க்கா" என்றாள் ருவோ-லின்.

யுவே-தாவ் இறங்கிப் பாடினாள்.

அப்போது லாரி தெருமுனை திரும்பியது. அதே பாட்டு, கரகரவென்று. குமட்டல் வந்தது, தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. யுவே-தாவ் மீன்குடலை வீசிவிட்டு, காகிதக் கட்டையும் ஓங்கினாள்.

"ஏம்மா, பேப்பரை இதுல போடாதே! பின்னாடி வர்ற பழைய பேப்பர் வண்டியில போடு" என்று கத்தினான் லாரிக்காரன்.

ருவோ-லின் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்வண்டியில் போட்டாள். திரும்பி வந்தபோது அவள் பை ஓட்டையாகி, பழச்சாறோ குழம்போ ஒன்று வெள்ளைச் செருப்பில் வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப எழுது" என்றாள் யுவே-தாவ். "நாத்தத்தோட எழுது. மனசு ஆறிடுச்சுன்னு மட்டும் எங்கயாவது எழுதினே, அதுவும் பின்வண்டிதான்."

"சரிக்கா."

"மொதல்ல அந்தப் பையைப் போடு. லாரி போவுது பாரு!"