எஜிஸ்தோவின் ஓநாய்கள்

லெயார்கோ போன்ஃபாந்தி மேடையேறிய கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், திரை விலகுவதற்குச் சற்று முன்னால், மேடையின் பின்புறத்தில் ஒரு ஓநாய் செத்து விழுந்தது. 1923இன் இலையுதிர் காலத்தில் தொடங்கி முப்பத்தோரு ஆண்டுகள் இது நடந்தது. போர்கோ சான் ஸேனோவைச் சுற்றியுள்ள சமவெளியில் ஓநாயை உயிரோடு பார்த்த கடைசி ஆள் மண்ணுக்குள் போய் நூறு வருடமாகியிருந்தது. இருந்தாலும் ஓநாய் வந்தது, செத்தது. முதல் மாதமே நகராட்சி கூடி, ஓநாயின் தோல், தியேட்டர் வாயிற்காவலர் பொம்பீலியோவுக்கு, புதைக்கிற வேலை நகராட்சிக்கு என்று முடிவு செய்தது. அன்றைய கூட்டத்தில் ஓநாய் விவகாரம் மூன்றாவதாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் சாக்கடையும், பன்றிச் சந்தையை எந்தக் கிழமைக்கு மாற்றுவது என்பதும் இருந்தன.

ஓநாயை வரவழைத்தவன் லெயார்கோ அல்ல, எஜிஸ்தோ தாஸ்ஸினாரி. அந்த ஊரில் மேடையேறப் போகிறவனைப் பார்த்து நன்றாகப் பாடு என்று யாரும் வாழ்த்துவதில்லை. வாழ்த்தினால் தொண்டை அடைக்கும், அல்லது விளக்கு அறுந்து தலையில் விழும். ‘ஓநாய் வாயில் போய் விழு’ என்றுதான் சொல்வார்கள். கேட்டவன் ‘ஓநாய் சாகட்டும்’ என்று பதில் சொல்லியாக வேண்டும். நன்றி மட்டும் சொல்லவே கூடாது. தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தும் ஒரு ஓநாய்கூட வந்ததில்லை. காரணம் எளிது. சொன்னவர்களில் ஒருவர்கூட மனதாரச் சொன்னதில்லை.

எஜிஸ்தோ பீப்பாய் செய்பவரின் மகன். ஒன்பது வயதில் இசைக்குறிப்பு படிக்கக் கற்றுக்கொண்டான். கோயில் பாடகர் குழுவில் எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். லெயார்கோ அதே தெருவில், பன்றி அறுப்பவரின் வீட்டில் பிறந்தவன். அவனுக்கு ஒரு குறிப்பும் படிக்கத் தெரியாது. பாடுவதற்கு முன்னால் அரை முழம் தொத்திறைச்சி தின்றுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிற்பான். இருவரும் தியேட்டரின் இசைநாடகக் கோரஸில் சேர்ந்தார்கள். நாடு கடத்தப்பட்ட கோமகனின் பாத்திரத்தை, டெனர் எனப்படும் உச்சக்குரல் பாடகனின் வாழ்க்கையை ஆக்கவும் அழிக்கவும் வல்ல பாத்திரத்தை, எஜிஸ்தோ நான்கு வருடம் ஆற்றங்கரை மேட்டில் நடந்து நடந்து பாடிப் பழகினான். லெயார்கோ கீழே தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எஜிஸ்தோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில், மிலானிலிருந்து வந்திருந்த பெரிய டெனர் மதியம் விலாங்கு மீன் தின்று, மாலைக்குள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். தியேட்டர் முதலாளி கோரஸ் அறைக்குள் ஓடிவந்தார்.

“கோமகன் யாருக்குத் தெரியும்?”

“எஜிஸ்தோவுக்கு முதல்லேர்ந்து கடைசிவரை மனப்பாடம்” என்றார் பாட்டு வாத்தியார்.

உடை தைக்கும் அர்ஜியா வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி கோமகனின் கறுப்பு வெல்வெட் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. “மனப்பாடம் இருந்து என்ன பண்ண? இந்தக் கோட்டு அவன் தோள்ல நிக்காது. கோட்டுதான் நடந்து வரும், உள்ள ஆளு எங்கன்னு தேடணும். லெயார்கோவுக்குப் போட்டுப் பாருங்க, அளவெடுத்த மாதிரி இருக்கும்.”

“அவனுக்குப் பாட்டுத் தெரியணுமே?”

“தெரியுமே” என்றான் லெயார்கோ. “நாலு வருஷமா இவன் ஆத்தங்கரையில கத்திக்கிட்டு இருக்கான். மீன் ஒண்ணும் கடிக்கல. பாட்டுதான் மாட்டுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். கோட்டு பொருந்தியது. மேடை ஓரத்தில் வரிசையாக நின்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். எஜிஸ்தோவின் முறை வந்தபோது அவன் லெயார்கோவின் கண்ணைப் பார்த்து, “ஓநாய் வாயில போய் விழு” என்றான். பல், தாடை, நாக்கின் சூடு, எலும்பு நொறுங்கும் சத்தம் என்று ஒன்றுவிடாமல் நினைத்துக்கொண்டு சொன்னான். துணியில் வரைந்த மரங்களுக்கு நடுவிலிருந்து சாம்பல் நிற ஓநாய் ஒன்று வந்து லெயார்கோவின் முன்னால் வாயைத் திறந்தது. பன்றி அறுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மிருகத்தின் வாய் புதிதல்ல. “ஓநாய் சாகட்டும்” என்றான். ஓநாய் சரிந்தது. அதைத் தாண்டிக் கால் வைத்து அவன் மேடைக்குப் போனான்.

அந்த ஊர்த் தியேட்டரில் கூரைக்கடியில் உள்ள மேல்மாடிதான் தீர்ப்பு சொல்லும். பாலாடைக்கட்டிக்காரர்களும் தகரவேலைக்காரர்களும் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அரை ஸ்வரம் பிசகினால் விசிலடித்துப் பாடகனை ரயில் நிலையம்வரை துரத்துவார்கள். மூன்றாம் அங்கத்தில் தோட்டத்துப் பாட்டின் உச்ச ஸ்வரத்தை லெயார்கோ எடுத்தபோது மேல்மாடி எழுந்து நின்றது. அதை மூன்று முறை திரும்பப் பாட வைத்தார்கள். எஜிஸ்தோ கோரஸின் இரண்டாவது வரிசையில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு மூச்சும் தான் குறித்து வைத்திருந்த இடத்திலேயே வாங்கப்பட்டதைக் கேட்டான்.

லெயார்கோ மிலானுக்குப் போனான், அங்கிருந்து நேப்பிள்ஸுக்குப் போனான். நேப்பிள்ஸில் அறுபது பேர் வரிசையில் நின்று ஓநாய் வாயில் விழச் சொன்னார்கள். ஒரு எலிகூட எட்டிப் பார்க்கவில்லை. அன்று உச்ச ஸ்வரம் உடைந்தது, ஒரு முட்டைக்கோஸ் அவன் நெற்றியில் பட்டது. மறுநாள் எஜிஸ்தோவுக்குத் தந்தி வந்தது. ‘வா. உன்னைப் போல யாரும் மனசாரச் சொல்வதில்லை.’ எஜிஸ்தோ போகாமல் இருந்திருக்கலாம். அப்போது அர்ஜியாவைக் கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. எதற்குப் போகிறாய் என்று அவள் கேட்டதற்குச் சம்பளம் என்றான். லெயார்கோ விழும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மை.

அதன்பின் எல்லா ஒப்பந்தங்களிலும் அவன் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கடிதம் கொண்டுவருபவன், சேவகன், இரண்டாம் காவலாளி. மொத்தம் இரண்டு வரி பாடுவான். திரை விலகும் முன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வான். ரோம், லிஸ்பன், புவனோஸ் ஐரிஸ் என்று எங்கே சொன்னாலும் ஓநாய் வந்தது. சூடு தாங்க முடியாத ஊர்களில் முடி குறைவான ஓநாய் வந்தது. போர் நடந்த இரண்டு குளிர்காலங்களில் செத்த ஓநாய்களைப் புதைக்கவில்லை. கோரஸ்காரர்கள் வேகவைத்துத் தின்றார்கள். இறைச்சி நார் நாராக இருந்ததாகச் சொன்னார்கள், ஆனால் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

பொறாமை ஏற ஏற ஓநாய் பெரிதானது. ஓநாய் பெரிதாகப் பெரிதாக லெயார்கோவின் குரல் உயர்ந்தது. இதை எஜிஸ்தோ மூன்றாவது ஆண்டில் கண்டுபிடித்தான். மகள் பிறந்த செய்தி வந்த நாளில் அவன் மனது நிறைந்திருந்தது. அன்று சொறி பிடித்த குட்டி ஒன்று தள்ளாடி வந்து, பதிலுக்குக் காத்திருக்காமலே செத்தது. லெயார்கோவின் குரல் ஊசிபோல் மெலிந்து வந்தது. “என்னடா, உடம்பு சரியில்லையா உனக்கு?” என்று கேட்ட லெயார்கோ, குழந்தைக்கென்று வெள்ளித் தொட்டில் ஒன்று வாங்கி அனுப்பினான். எஜிஸ்தோ ஆறு மாதச் சம்பளத்திலும் வாங்க முடியாத தொட்டில். மறுநாள் வந்த ஓநாயைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். லெயார்கோ கெட்டவனாக இருந்திருந்தால் எஜிஸ்தோவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லெயார்கோ தன் பழைய கம்பளிக் கோட்டை இவனுக்குக் கொடுத்தான். பேட்டிகளில் இவன் பெயரைச் சொன்னான், பத்திரிகைக்காரர்கள் அச்சிடவில்லை. படம் எடுக்கையில் தோளில் கை போட்டு இழுத்து நிறுத்துவான். பத்திரிகையில் அந்தக் கை மட்டும் வந்தது.

கோடையில் ஊருக்கு வரும்போது எஜிஸ்தோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே புலம்புவான். ஒருமுறை அர்ஜியா சூப் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவன் தொத்திறைச்சி தின்னா பாடுறான்? உன் வயித்தெரிச்சலைத் தின்னுட்டுப் பாடுறான். வேளாவேளைக்குப் பரிமாறுறது நீ.”

“அன்னிக்குக் கோட்டு நிக்காதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான். நிக்கலதான். பொய்யா சொல்லணும்?”

“கொஞ்சம் பிடிச்சுத் தைச்சிருக்கலாம்ல?”

அர்ஜியா கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவன் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டான். அவள் ஒருமுறையும் பதில் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த மேல்மாடிக்கு முன்னால், அந்தப் பாட்டை ஒரே ஒரு முறை பாட வேண்டும்.

1954இல் லெயார்கோ தன் கடைசிக் கோமகனைப் பாட போர்கோ சான் ஸேனோவுக்கு வந்தான். ரயில் நிலையத்தில் வாத்தியக் குழு நின்றது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். எண்பத்தோரு வயதுப் பொம்பீலியோ தோலுரிக்கும் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். மேடை ஓரத்தில் பழையபடி வரிசை நின்றது. எஜிஸ்தோவின் முறை வந்தது.

“நல்லாப் பாடு, லெயார்கோ” என்றான் அவன். “வெற்றி உண்டாகட்டும்.”

கெட்டது அண்டாமலிருக்கக் கோரஸ்காரர்கள் கைக்குக் கிடைத்த இரும்பைத் தொட்டார்கள். பொம்பீலியோ சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்னடா சொன்னே?” என்றான் லெயார்கோ.

“முப்பத்தோரு வருஷம் சொல்லியாச்சு. போதும்.”

“நான் உனக்கு என்னடா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அதான் என்னால தாங்க முடியல. ஒவ்வொரு தடவையும் நிஜமாத்தான் சொன்னேன் லெயார்கோ. அது உன்னைக் கடிச்சுக் குதறணும்னுதான் சொன்னேன்.”

லெயார்கோ குரலைச் சரிபார்க்க வாயைத் திறந்தான். துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம் வந்தது. இன்னொரு முறை முயன்றான். கதவு மூடுகிற சத்தம் வந்தது. அவன் கோட்டைக் கழற்றி அர்ஜியாவிடம் நீட்டினான். அர்ஜியா பையிலிருந்து நூல் கோத்த ஊசியை எடுத்தாள். அதை அவள் எத்தனை வருடமாகக் கோத்து வைத்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. முதுகுத் தையலில் எட்டுத் தையல் போட்டாள். கோட்டு எஜிஸ்தோவின் தோளில் நின்றது.

“இப்ப பிடிச்சுட்டேன்” என்றாள். “போ.”

உள்சட்டையோடு ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த லெயார்கோ நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கோட்டை இன்னொருவன்மேல் அவன் பார்த்ததே இல்லை. அதைக் கட்டி நிறுத்திய எட்டுத் தையலையும் பார்த்தான். தனக்காக ஊசி கோத்து வைத்துக் காத்திருக்கும் ஒருத்தி எந்த ஊரிலும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் முகம் மெதுவாக மாறியது.

“ஓநாய் வாயில போய் விழு” என்றான் எஜிஸ்தோவிடம்.

துணி மரங்கள் விலகின. கன்றுக்குட்டி அளவில் ஒரு வெள்ளை ஓநாய் வந்து நின்றது. எஜிஸ்தோவின் எல்லா ஓநாய்களையும்விட இது பெரிது. பற்கள் புத்தம் புதிதாக இருந்தன. எஜிஸ்தோ அதைப் பார்த்தான். ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அவனைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அவனுக்குக் கண் நிறைந்தது.

“நன்றி” என்றான்.

பொம்பீலியோவின் கையிலிருந்து கத்தி நழுவியது. சாகச் சொல்லாததால் ஓநாய் சாகவில்லை. திரை விலகியபோது எஜிஸ்தோவின் பின்னால் நடந்து போய் மேடையில் அவன் காலடியில் உட்கார்ந்தது. மேல்மாடி அதைக் கோமகனின் வேட்டைநாய் என்று எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு அங்கங்களையும் எஜிஸ்தோ ஒரு பிசகில்லாமல் பாடினான்.

“தப்பே இல்லப்பா” என்றார் ஒரு பாலாடைக்கட்டிக்காரர்.

“கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கு” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூன்றாம் அங்கத்தில் தோட்டத்துப் பாட்டு வந்தது. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் எஜிஸ்தோ மூச்சு வாங்கினான். உச்ச ஸ்வரத்தை எடுத்தான். அது பாதியில் உடைந்தது. மேல்மாடியில் விரல்கள் உதட்டுக்குப் போயின. விசில் கிளம்பும் முன் வெள்ளை ஓநாய் தலையைத் தூக்கி, அந்த ஸ்வரத்தை விழுந்த இடத்திலிருந்தே எடுத்தது. சரவிளக்கின் கண்ணாடிகள் நடுங்கி அடங்கும்வரை விடாமல் பிடித்து நின்றது. 1923இல் லெயார்கோவைக் கேட்ட கிழவர்கள் அதே குரல் என்றார்கள். மேல்மாடி எழுந்தது.

“திரும்பப் பாடு! திரும்பப் பாடு!”

எஜிஸ்தோ ஒரு அடி முன்னால் வந்து குனிந்து வணங்கினான்.

“நீ இல்லடா!” என்று மேலேயிருந்து ஒருவர் கத்தினார். “அது!”

ஓநாய் மூன்று முறை பாடியது. எஜிஸ்தோ அதன் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். அடிவயிற்றில் பழைய எரிச்சல் ஏறுவதை உணர்ந்தான். அது வழி தெரிந்த விருந்தாளிபோல் நேராக வந்து உட்கார்ந்தது.

லெயார்கோ பன்றித்தொடைக் கடை ஒன்று திறந்தான். மேல்மாடியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு, முதல்தரமாக விசிலடிக்கக் கற்றுக்கொண்டான். அடுத்த பருவத்துக்கு முதலாளி ஓநாயோடு ஒப்பந்தம் போட்டார். சின்ன எழுத்தில் எஜிஸ்தோவின் பெயரும் இருந்தது, கடிதம் கொண்டுவருபவன் என்று. ஒவ்வொரு பருவமும் முதல் திரை விலகும் முன் அவன் அதன் மஞ்சள் கண்ணைப் பார்த்து, ஓநாய் வாயில் போய் விழு என்று மனதாரச் சொன்னான். ஓநாய்க்குப் பதில் சொல்லத் தெரியாது. எனவே புதிதாக வந்த ஓநாய்களும் சாகவில்லை. கோரஸில் நின்றுகொண்டன. 1961இல் பதினோரு ஓநாய்கள் இருந்தன. கனமான குரல்கள் போதவில்லை என்று மேல்மாடி குறை சொன்னது. தோல் கிடைக்காத பொம்பீலியோ சம்பள உயர்வு கேட்டுக் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு இறந்துபோனார். கோமகனின் கோட்டில் முதுகுப் பக்கம் போட்ட எட்டுத் தையலையும் அர்ஜியா பிரித்துவிட்டாள். கோட்டு ஓநாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.