நான்கு நிறத் தாள்கள்

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூட்டு. பொருத்தமான பெயர்தான். மருத்துவம், செவிலியம், மருந்தியல், சமூகப்பணி என்று நான்கு படிப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே எச்.ஐ.வி. நோயாளியைக் கவனிக்கப் பழக வேண்டும். பழக்குவது என் வேலை. ஆளுக்கொரு நிறத்தில் தாள் கொடுத்து, கண்டதை எழுதச் சொல்வேன். போன வருடம் ஒருத்தி எழுதியதை மற்ற மூன்று பேரும் ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! இந்த வருடம், நான்கு பேரும் உட்கார்ந்து தாளைப் படிக்கும் கூட்டம் நடக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டு, நான்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்க நான் கண்டுபிடித்த வழி அது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர்களுக்குக் கொடுத்த நோயாளி தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். முப்பத்தொரு வயது. பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காசநோயும் சேர்ந்துகொண்டதால், எச்.ஐ.வி. மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் தேய்ந்துகொண்டே வந்தாள். கூட்டம் பரீட்சைக்காக ஒருமுறை, அறை கிடைக்காமல் ஒருமுறை தள்ளிப்போனது. ஏழு வாரம். மாணவர்கள் பார்க்கிறார்களே என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நாங்கள் இருந்தோம். மேடம் இருக்கிறாரே என்று அவர்கள் இருந்தார்கள்.

கூட்டத்தன்று காலை வார்டிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் மூச்சு முட்டி வந்து சேர்ந்தவள் இறந்துவிட்டாள். பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டத்தை நிறுத்தியிருக்கலாம். தாள்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மருத்துவ மாணவன் முதலில் படித்தான். கிருமி அளவு ஏறுகிறது, மருந்தை மாற்ற யோசிக்கலாம். மருந்தியல் மாணவி, மூன்றாவது வாரம் எண்ணியபோதே, தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரையில் பாதி மீதம் இருந்தது என்றாள். இரவு சாப்பிட்ட பிறகு போடச் சொன்னதாகவும் அக்கா நன்றாகத் தலையாட்டியதாகவும் செவிலிய மாணவி எழுதியிருந்தாள். கடைசியாகச் சமூகப்பணி மாணவன் படித்தான். வீட்டில் யாருக்கும் நோய் தெரியாது. மாத்திரையெல்லாம் கம்பெனியில், தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக அக்காவுக்குப் பயம்.

செவிலிய மாணவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ராத்திரிதான் போடணும்னு இல்லையே. சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி அங்கேயே போட்டுக்கிட்டா போதுமே."

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவரை செவிலிய மாணவியை ஏறெடுத்தும் பார்க்காத மருத்துவ மாணவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வேளைக்கும் எத்தனை மணி இடைவெளி வேண்டும் என்று கேட்டான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல கூட்டத்தை நான் நடத்தியதில்லை.

சமூகப்பணி மாணவன் போனை எடுத்தான். அக்கா இப்போது வேலையில்தான் இருப்பாள், தாராளமாகப் பேசலாம், சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

"போனை வைப்பா," என்றேன். "அக்கா காலையில இறந்துட்டாங்க."

மருந்தியல் மாணவி தன் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"நான் மூணாவது வாரமே எழுதிட்டேன், மேடம்."

"எழுதியிருக்கம்மா," என்றேன். "நான்தான் பூட்டி வச்சேன்."