பாதை ஓடாத ஐந்து நாட்கள்

1996 மார்கழி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் வட்டைக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்த இராசாத்தியின் கணுக்காலில் புடையன் பாம்பு கொத்தியது. புருசன் யோகராசா வரம்பால் ஓடிவந்தபோது அவள் காலைப் பிடித்தபடி சேற்றிலேயே இருந்தாள்.

ஊர் மருந்தகத்தில் விஷத்துக்கு ஊசி இல்லை. வாவியைக் கடந்து பட்டணத்து ஆசுபத்திரிக்குத்தான் போகவேண்டும். சண்டையால் பஸ் நின்று ஆறு வருசம். பக்கத்து வளவில் உழவு மெசின் நின்றது. அதற்கு ஊற்ற ஒரு சொட்டு டீசல் இல்லை. யோகராசா அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தன் இடுப்போடு சேர்த்துச் சேலையால் கட்டிக்கொண்டு நாலு மைல் மிதித்தான்.

"பிள்ளையளுக்கு என்ன சொன்னீங்க?" என்று அவள் முதுகோடு சாய்ந்தபடி கேட்டாள்.

"ஊசி போட்டுட்டு வாறம் எண்டன்."

துறையில், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் பாதை கட்டிக்கிடந்தது. காலையிலேயே ஆமி நிறுத்தச் சொல்லிவிட்டதாம். தோணிகளுக்கும் தடை. எதிர்க்கரைத் தென்னைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு கிட்ட.

மீன்பிடிக்கும் நல்லரத்தினம், இராசாத்தியின் பல் முரசில் இரத்தம் கசிவதைப் பார்த்தார்.

"ஏத்து தம்பி. நடக்கிறது நடக்கட்டும்."

கம்பொன்றில் வெள்ளைத் துணியைக் கட்டித் தோணியின் முன்னால் நட்டுவிட்டு, நீளக் கோலை ஊன்றித் தோணியைத் தாங்கினார். யாரும் சுடவில்லை. ஆனால் அக்கரையில் ஆமிக்காரர் வந்த மூவரையும் மறித்தார்கள். யோகராசாவுக்குச் சிங்களம் தெரியாது. கையைப் பாம்பின் படம்போல விரித்து, அவளின் வீங்கிய காலைத் தொட்டுக் காட்டினான். தங்கள் பெரியவர் வரட்டும் என்று சைகை காட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் அவள் மணலில் கிடந்தாள்.

விட்ட பிறகு, மீன் வியாபாரி பதியுதீன் தன் வான் வண்டியிலிருந்த மீன்பெட்டிகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு அவளை ஏற்றினார். ஊசி போடும்போது பின்னேரம் மூன்று மணி. மறுநாள் காலை அவள் போய்விட்டாள்.

பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோக யோகராசா துறைக்கும் ஆசுபத்திரிக்குமாக இரண்டு நாள் அலைந்தான். பாதை ஓடவில்லை. நல்லரத்தினத்தின் தோணியையும் பிடித்துவைத்திருந்தார்கள்.

"இனியும் வைக்க ஒண்ணா தம்பி," என்றார் பதியுதீன்.

பட்டணத்துச் சவக்காலையில் அடக்கம் நடந்தது. தன் பிடி மண்ணைப் போட்டபின், பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு பிடி போட்டான்.

ஆறாம் நாள் பாதை ஓடியது. சேதி ஊருக்குப் போயிருக்கவில்லை. இராசாத்தியின் தங்கை சீதேவிப்பிள்ளை முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவ எப்ப துண்டு வெட்டி வீட்ட விடுவாங்களாம் அத்தான்?"

மகள்மார் இருவரும் அவனைக் கடந்து படலைக்கு ஓடி ஒழுங்கையைப் பார்த்தார்கள். சின்னவள் திரும்பி வந்து கோபமாகக் கேட்டாள்.

"அம்மாக்குக் கால் நோகுமே அப்பா. ஏன் நடந்து வர விட்டீங்க?"

யோகராசா குனிந்து அவளைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்த்த சீதேவிப்பிள்ளை நெல்லின் மேலேயே குந்திவிட்டாள்.