முதலிடம் பான் பீட்சாவுக்கு

அமெரிக்காவில் பீட்சாவுக்குப் பேர்போன நியூ ஹேவன் நகரத்தில் பீட்சாவைப் பற்றி வாய் திறக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் திறப்பார்கள். ஷானா யோசிக்கவில்லை.

அவளுடைய மாமனார் கார்மைன் வென்டூரிக்கு வூஸ்டர் தெருவில் பீட்சாக் கடை. நிலக்கரி அடுப்பு, வாசலில் எப்போதும் வரிசை. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வருகிற வாரத்தில் உள்ளூர் வானொலிக்காரர்கள் வருடம் தவறாமல் அவரை அழைப்பார்கள். நாட்டில் உள்ள பெரிய செயின் கடைகளை, பீட்சா, பர்கர், கோழி என்று எதையும் விட்டுவைக்காமல், கடைசி இடத்திலிருந்து வரிசைப்படுத்தி ஒவ்வொன்றையும் கிழித்துத் தொங்கவிடுவார். ஊரே வண்டி ஓட்டிக்கொண்டு கேட்டுச் சிரிக்கும். இந்த வருடம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மகன் ரேயால் அடுப்பை விட்டு நகர முடியாது. அதனால் மருமகள் ஷானாதான் காரில் அழைத்துப்போனாள்.

கார்மைன் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். "கடைசி இடம் பீட்சா ஹட்டுக்கு. அது பீட்சாவே இல்லப்பா, எண்ணெயில குளிச்ச மெத்தை. பசிச்சா தின்னலாம், தூக்கம் வந்தா படுத்துக்கலாம்."

நிகழ்ச்சி நடத்துகிற டிரிஸ்கால் மேசையைத் தட்டிச் சிரித்தான். பிறகு மூலையில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஷானாவின் பக்கம் மைக்கைத் திருப்பினான். "மருமகளும் வந்திருக்காங்க. கான்சாஸ்காரங்க. நீங்க சொல்லுங்கம்மா, உங்க வரிசை என்ன?"

"மூணாவது டாகோ பெல். ரெண்டாவது எங்க மாமா கடை. முதலாவது பீட்சா ஹட், சட்டியில சுடற அந்தப் பான் பீட்சா."

டிரிஸ்காலின் சிரிப்பு பாதியில் நின்றது. "சும்மா விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?"

"இல்லையே."

திரும்பி வந்து கடை வாசலில் இறங்கும்போது கார்மைன் கேட்டார். "அந்த மெத்தைக்குக் கீழயா என்னை வெச்ச?"

"கீழன்னு ஏன் நெனைக்கிறீங்க மாமா? அதுக்கு அடுத்தது."

காரின் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

ஷானாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை, பற்களைச் சுத்தம் செய்வது. மறுநாள் காலையில் நாற்காலியில் சாய்ந்த தபால்காரர் அவள் குழாயை வாயிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாக, "பான் பீட்சாவா? நிஜமாத்தான் சொன்னீங்களா?" என்றார்.

"வாயைத் திறங்க."

"இல்ல, வென்டூரி மருமக போய் இப்படி..."

"இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க."

வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். எல்லோரையும் அவள் வாயைத் திறக்கச் சொன்னாள்.

அன்று மாலை ரே அடுப்புக் கரி படிந்த கையோடு வீட்டுக்கு வந்தான். "ரேடியோக்காரன் வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடறான். விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, ஷானா. முடிஞ்சு போகும்."

"விளையாட்டுக்குச் சொல்லலையே."

"அப்பா சாப்பிடாம உக்காந்திருக்காரு."

"ஏன், அவர் கடையில சாப்பிட ஒண்ணும் இல்லையா?"

ரேவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதன்முதலாகக் கடைக்கு அழைத்து வந்தவன் அவன்தான். அன்று அவள் ஒரு சாதா பீட்சா கேட்டாள். வெறும் தக்காளிச் சாஸ் பூசிய ரொட்டி ஒன்று வந்தது. சீஸ் எங்கே என்று அவள் தயங்கிக் கேட்டதும் கடை மொத்தமும் சிரித்தது. இந்த ஊரில் சாதா என்றால் அப்படித்தான், சீஸ் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விருந்துகள். யாருக்கு எந்தக் கடை மட்டம் என்று மேசையில் பேச்சு நடக்கும். அவள் தலையாட்டுவாள். உனக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் டிரிஸ்கால். அவனுக்கு உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"நான் கான்சாஸ்ல விசிட்டாவுல பொறந்தவ" என்றாள் ரேயிடம். "பீட்சா ஹட் பொறந்ததும் அங்கதான். உங்கப்பா அதைத் திட்டும்போதெல்லாம் நான் பேசாம இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு 'மருமகள் மன்னிப்பு' என்று டிரிஸ்கால் பெயரே வைத்துவிட்டான். கார்மைன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மன்னிப்புக் கேக்க நான் வரல" என்று ஆரம்பித்தாள் ஷானா. "எனக்கு எது பிடிக்கும்னு கேட்டீங்க, சொன்னேன். அந்தச் சட்டியில பட்டு ஓரம் மொறுமொறுன்னு இருக்குமே, அது பிடிக்கும். நடுவுல பஞ்சு மாதிரி இருக்கும், அதுவும் பிடிக்கும். எப்படி ஆர்டர் பண்ணணும்னு அங்க யாரும் பாடம் எடுக்க மாட்டாங்க, அது ரொம்பப் பிடிக்கும். மாமா போடற சிப்பி பீட்சாவும் பிரமாதம். ஆனா ரெண்டாவது. என் நாக்குக்கு எது ருசின்னு சொல்ல ஊர்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

தொலைபேசிகள் அலறின. அந்தம்மாவைக் கான்சாஸுக்கே பஸ் ஏற்றி அனுப்புங்கள் என்றார் ஒருவர். அடுத்து வந்த பெண்ணின் குரல் ஏதோ அலமாரிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. "நான் வூஸ்டர் தெருவுலதான் இருக்கேன். பேர் மட்டும் கேக்காதீங்க. எனக்கும் அது பிடிக்கும்."

"பாருங்க மாமா" என்று ஷானா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கடைசியா எப்ப பீட்சா ஹட்ல சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டுத்தான் தெரியணுமா? பாத்தாலே தெரியாது?"

"அப்படின்னா சாப்பிட்டதே இல்லையா? நீங்க திட்டற வேற எந்தக் கடையிலயாவது?"

கார்மைன் டிரிஸ்காலைப் பார்த்தார். டிரிஸ்கால் அவசரமாக ஒரு கார் விளம்பரத்தைப் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தன்று கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஷானா வழக்கம்போல வந்து அட்டைப் பெட்டி மடித்தாள். வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "ரெண்டாம் நம்பர் கடைதானே இது? ஒரு பெரிய சிப்பி பீட்சா குடுங்க" என்று வரிசையில் ஒருவன் கத்தினான். கடையே அடுப்பருகே நின்ற கார்மைனைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று திணறியது. அவள் தலை குனியாமல் அடுத்த பெட்டியை மடித்தாள். கார்மைன் பீட்சாவை உள்ளே தள்ளும் நீளத் துடுப்பு மட்டும் அடுப்புக்குள் வழக்கத்தைவிட ஓங்கி இடித்தது.

திங்கட்கிழமை கடை விடுமுறை. காலை பத்து மணிக்கே கார்மைன் கோட்டும் தொப்பியுமாக அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"வண்டியை எடு" என்றார். "உன் கடைக்குப் போகலாம். திறந்ததும் உள்ள போயிடணும், யாராவது பாத்துடப் போறாங்க."

அடுத்த ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்தப் பீட்சா ஹட். கார்மைன் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். பான் பீட்சா வந்ததும் ஒரு துண்டை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், விரலால் தட்டினார், முகர்ந்தார். பிறகு முழுத் துண்டையும் நிதானமாகத் தின்று முடித்தார்.

"சாஸ் இனிக்குது. மாவு ஜாஸ்தி. எனக்குப் பிடிக்கல."

"சரி மாமா."

"என்ன சரி? உனக்கு இன்னமும் இதுதான் முதலா?"

"இதுதான் முதல்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. "உன் மாமியார்கூட என்கிட்ட இப்படிப் பேசினதில்ல" என்றார். அதில் கோபம் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்புறம், பொரித்த கோழிக் கடையின் விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. கார்மைன் திரும்பி அதை முதன்முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். "அங்கயும் நான் போனதில்ல."

"அதுக்கு ஒன்பதாவது இடம் குடுத்தீங்களே."

"குடுத்தேன்." தொப்பியை எடுத்து மாட்டினார். "சீக்கிரம் தின்னு முடி. போய்ப் பாக்கலாம்."

ஷானா அவசரப்படவில்லை. மிச்சமிருந்த துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மொறுமொறுவென்ற ஓரத்தை ஒவ்வொன்றாகக் கடித்து ரசித்துச் சாப்பிட்டாள்.