ஒற்றை பல்பு

வருமானம் வரம்புக்குள் இருக்கும் குடிசைகளுக்குத்தான் அரசின் இலவச ஒற்றை பல்பு மின் இணைப்பு. மகன் அருள்ஜோசப்பின் ஓசூர் கம்பெனிச் சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். அதனால் விசாரிக்க வந்த வி.ஏ.ஓ.விடம், தான் தனிக்கட்டை என்று ஜெபசீலி சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்தா ஷிப்ட் முடிந்து அவன் வந்து நிற்க வேண்டும்?

"யாரும்மா இது?" என்றார் வி.ஏ.ஓ.

"பக்கத்து வீட்டுப் பையன் சார்."

அவன் அம்மாவை ஒரு கணம் பார்த்தான்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

எப்போதும் செம்பில் வாய்வைத்தே குடிக்கிறவன், அன்று அண்ணாந்து குடித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான்.

அடுத்த மாதம் பல்பு எரிந்தது. வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வரலாங்களாக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஜெபசீலிக்குத்தான் அந்த வெளிச்சத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.