ஏணிக்காரனிடம் ஒரு கேள்வி

முத்தம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வந்துவிட்டது. திருவொற்றியூர்க் குப்பத்து மணலில் சாயங்காலம் ஏணிச் சின்னத்துக்காரர்களின் கூட்டம். அவர்களிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டு வருகிறதே, ஜெயித்தால் கல் கொட்டித் தடுப்பீர்களா? அதைக் கேட்காவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

புருஷன் ரகுபதியோ விளக்குச் சின்னத்துக்கு உயிரையே விடுவான். தோஸ்துகளோடு சேர்ந்து மண்ணெண்ணெய் டின்களைத் தயாராக வைத்திருந்தான். ஏணிக்காரன் வாயைத் திறந்தால் டின் முழங்கும், கூட்டம் கலையும்.

"அவன் நோட்டீஸ நீ இன்னாத்துக்குப் படிக்கிற?" என்று, அவள் கையில் ஏணிக்காரர்களின் நோட்டீஸைக் கண்டதும் பாய்ந்தான்.

மளிகைக்கடை அய்யாத்துரையின் மகள் தேவகிருபை நடத்தும் மாலை வகுப்பில் முத்தம்மா எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். "படிக்கக் கத்துகினு உன்னுத மட்டும் படிக்கணுமா? அவனுதும் படிப்பேன். போய்யா!"

சாயங்காலம் மேடையேறிய ஏணி வேட்பாளர் ஜெயவேல், பி.ஏ., பி.எல். படித்த வக்கீல். முத்தம்மா பூரித்துப் போனாள். இவ்வளவு படித்தவர் யார் எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வாரென்று நம்பினாள். ஆனால் அவர் "பெரியோர்களே" என்றதுமே டின்கள் காதைப் பிளந்தன.

அவ்வளவுதான், முத்தம்மா பஞ்சாயத்துக் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே ஒரு துடுப்பு இருக்கும். அதைப் பிடித்தவர் பேசலாம். கீழே வைக்கும்வரை குப்பத்தார் யாரும் குறுக்கே பேசக் கூடாது. மீறியவன் மறுநாள் கடலில் இறங்கக் கூடாது. பெண்கள் தொடக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை, எந்தப் பெண்ணும் தொட்டதுமில்லை. முத்தம்மா அதைத் தூக்கிவந்து வக்கீல் கையில் திணித்தாள்.

"பேசு சாமி!"

டின்கள் கப்சிப். ரகுபதி பல்லை நறநறவென்று கடித்தான். ஆனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். வக்கீல் தொண்டை வற்றுமட்டும் பேசிவிட்டுத் துடுப்பை வைத்தார். முத்தம்மா லபக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"கடலு எங்க வூட்டத் தின்னுகினு கீது. நீங்க ஜெயிச்சா..."

"இந்தாம்மா, எழுத்து வாசனை இல்லாதவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. உட்காரு!" என்றார் வக்கீல். அவருடைய ஆள் ஒருவன் துடுப்பைப் பிடித்து இழுத்தான். அடச்சே, இத்தனை படித்தும் இந்த மனுஷனுக்கு இந்தப் புத்தியா! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"டேய், கைய எட்றா!" என்று ரகுபதி மேடைக்குத் தாவினான். "நீ பேசச்சொல்லோ நாங்க வாய மூடிகினு கேட்டோமில்ல? இப்போ துடுப்பு அவ கையில கீது. அவ கேப்பா, நீ பதில் சொல்லு!"

குப்பமே எழுந்து நின்றது. முத்தம்மா முழுசாகக் கேட்டாள். வக்கீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கல் கொட்ட ஏற்பாடு செய்வதாக எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். விசில் பறந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ரகுபதி குழைந்தான்.

"கெலிச்சிட்ட மே! ஆனா ஓட்டு நம்ம விளக்குக்குதான?"

"நாளைக்கு உன் விளக்குக்காரன் வரான்ல? அவனையும் இதே கேள்வி கேப்பேன். அப்பால நானே முடிவு பண்ணுவேன்."

"எங்கிட்டயாவது சொல்லுவியா?"

"மாட்டேன்."

அவனிடம் அவள் இதுவரை சொல்லாத வார்த்தை அது. ரகுபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கத்த வாயெடுத்தான், அடக்கிக்கொண்டு அவள் கூடவே நடந்தான்.