ஆட்ட மேசைக்கு அடியில்

ஞாயிறு தவறாமல் நண்பர்கள் கூடிப் பலகை விளையாட்டு ஆடுவதற்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை போதவில்லை. சீட்டுகள் சரியும், பகடை சோபாவுக்கு அடியில் ஓடி ஒளியும். நாமே ஒன்று செய்துவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் களத்தில் இறங்கினார்கள். இரண்டு பழைய கதவுகளை வாங்கி அறுத்து, ஆட்டத்துக்கு நடுவில் பள்ளமும், கை ஊன்றச் சுற்றிலும் அகலமான விளிம்பும் வைத்தார்கள். பெயர்தான் மேசை, கனத்தில் குட்டி யானை.

மூன்று கால்கள் மாட்டியாயிற்று. நாலாவது மூலைக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். "நான் வர்ற வரைக்கும் அடியில போகாத" என்று சொல்லிவிட்டு, பள்ளத்தில் ஒட்டப் பச்சைத் துணி வாங்கப் போனான் புருஷன்.

அவள் கேட்கிற ஆளா? ஸ்பேனரோடு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தாள். கால் நீட்டியபோது குதிகால் ஸ்டூலில் பட்டது. அவ்வளவுதான். ஸ்டூல் வழுக்கி ஓட, மூலை அப்படியே அவள் தோளெலும்பில் இறங்கியது.

கத்த வாயெடுத்தாள், காற்றுதான் வந்தது. வலது கை விளிம்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அப்போதுதான் 'கிரீச்' என்று ஒரு சத்தம். ஜன்னல் பக்கத்துக் கால். அதன் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அவற்றை இறுக்கத்தான் உள்ளே வந்திருந்தாள். அந்தக் கால் பிய்த்துக்கொண்டால் முழு மேசையும் நெஞ்சின் மேல்தான்.

மாடியில் நாத்தனாரின் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. 'உங்க கும்மாளம் தாங்கல' என்று போன வாரம் வெடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சுவரோரம் மாடிக்கு ஏறும் இரும்புத் தண்ணீர்க் குழாய். இடது கையிலிருந்த ஸ்பேனரை நீட்டினால் அதன் நுனி குழாயை எட்டியது. தட்டினாள். மெஷின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. உடம்பு அசைந்ததில் மேசைக் கால் மறுபடி முனகியது. உள்ளங்கை வேர்த்து ஸ்பேனர் நழுவப் பார்த்தது. இது கீழே விழுந்தால் தீர்ந்தோம் என்று விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

மெஷின் நின்றது. நூல் மாற்றுகிறாள் போல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டங் டங்கென்று அடித்தாள்.

படியில் செருப்புச் சத்தம். "வாயத் தொறந்து கூப்பிட்டா என்ன, குழாயவா ஒடைப்ப?" என்று வந்த நாத்தனார் வாசலிலேயே உறைந்தாள். "ஐயோ, என்னடி இது!"

பதறி ஓடிவந்து மூலையைத் தூக்கப் போனாள்.

"தூக்காதீங்க அண்ணி..." குரல் காற்றாக வந்தது. "ஜன்னல் பக்கத்துக் கால்... முதல்ல அங்க முட்டு..."

நாத்தனார் அலமாரியைப் பார்த்தாள். அடுக்கடுக்காக விளையாட்டுப் பெட்டிகள். "இதுல எதுடி கெட்டி?"

"எல்லாம்..."

அள்ளி வந்து ஜன்னல் பக்க விளிம்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தாள். பிறகு மூலைக்கடியில் தவழ்ந்து நுழைந்து, முதுகைக் கொடுத்து எக்கினாள். "போடி! சீக்கிரம் போடி!" முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

கனம் கொஞ்சம் விட்டது. ஒற்றைக் கையால் தரையைப் பிறாண்டி அவள் வெளியே வந்தாள். நாத்தனார் பின்னாலேயே உருண்டு வந்ததும் மேசைக் கால் படாரென்று பிய்ந்தது. பெட்டிகள் நசுங்கி, உள்ளிருந்த மரக்காய்கள் அறையெங்கும் சிதறின.

இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாத்தனார் இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மூச்சு வருதாடி? நல்லா விடு. இன்னொரு தடவை விடு."

தோளெலும்பில் விரிசல் என்றார் டாக்டர். கட்டுப் பிரிப்பதற்குள் புருஷன் ஒரு தச்சரைக் கூட்டிவந்து நாலு கால்களையும் அடித்து இறுக்கிவிட்டான். முதல் ஆட்டத்தன்று எல்லோரும் மேசையைத் தட்டித் தட்டி மெச்சினார்கள். நாத்தனார்கூட வந்து, ஆட்டம் புரியாமலே இரண்டு முறை ஜெயித்தாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் யாராவது விளிம்பில் முழங்கையை ஊன்றி மரம் லேசாக முனகினால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். ஆட்டம் முடியும்வரை கால்களை மேசைக்கடியில் விடாமல் நாற்காலியிலேயே மடக்கி வைத்துக்கொண்டாள்.